எங்கள் இரட்டை மாட்டு வண்டி

நம் ஊரில் ஒருவர் சொந்தக் கார் வைத்திருக்கிறார் என்றால் தெருவில் அவருக்கு ஒரு தனி மரியாதை உண்டு. ஆக்லாந்து நகரத்தில் அந்த மரியாதையை எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். இங்கே காலுக்குச் செருப்பு எப்படியோ, குடும்பத்துக்குக் கார் அப்படி. நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். பாதி நாள் இரவு முறை, மீதி நாள் விடியற்காலை முறை. நான் கிளம்புகிற நேரத்தில் எங்கள் பக்கம் பஸ் கிடையாது. ஆகவே கார் இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் மற்றதெல்லாம்.

வாங்கியது பழைய வண்டி. அதுவும் பெட்ரோல் பாதி, மின்சாரம் பாதி என்று ஓடுகிற 'ஹைபிரிட்' ஜாதி. எந்தக் கம்பெனி, என்ன பெயர் என்று கேட்காதீர்கள். புகழ்ந்தால் விளம்பரம் என்பார்கள். குறை சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். ஜப்பானில் பிறந்தது, 2010ஆம் வருஷத்து வண்டி, 2018இல் எங்கள் கைக்கு வந்தபோது 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது என்ற மட்டில் தெரிந்தால் போதும்.

ஜப்பானில் எட்டு வயதுக் காரை ஏன் விற்றுத் தள்ளுகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கே புதுக் காருக்கு மூன்று வருஷம் கழித்து முதல் சோதனை. பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அந்தச் சோதனைக்கு ஆகிற செலவுக்குப் பயந்தே பலர் நல்ல வண்டியைக் கைமாற்றி விடுகிறார்கள். அங்கும் இடது பக்கப் போக்குவரத்து. நியூஸிலாந்திலும் இடது பக்கம். கார் இறக்குமதிக்கு இங்கே 1998இலிருந்து சுங்க வரி இல்லை. எனவே கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றன. நாங்கள் வண்டி தேடிய 2018 பிப்ரவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜப்பானிலிருந்து வந்த கார்க் கப்பல்களில் ஒருவிதமான நாற்றப்பூச்சி இருக்கிறதென்று இந்நாட்டு அதிகாரிகள் சில கப்பல்களையே திருப்பி அனுப்பிவிட்டார்கள்! பழத்தோட்டங்களைப் பாழாக்கும் பூச்சியாம். வியாபாரி "அடுத்த கப்பல் வரட்டும்" என்று எங்களை இரண்டு மாசம் காக்க வைத்தார்.

மாயவரத்தில் இருந்த அம்மாவிடம் ஃபோனில் இதையெல்லாம் சொன்னேன்.

"ஏண்டி, பழைய மாட்டை வாங்கப் போறேங்கறியே, பல்லைப் பிடிச்சுப் பார்த்தியா?" என்றாள் அம்மா.

காருக்கும் பல் உண்டு. ஜப்பானில் ஏலம் விடும்போது ஒவ்வொரு வண்டிக்கும் ஜாதகம் மாதிரி ஒரு காகிதம் எழுதுகிறார்கள். வண்டியின் படம் போட்டு, கீறல் உள்ள இடத்தில் ஓர் எழுத்து, நசுங்கல் உள்ள இடத்தில் வேறோர் எழுத்து, கடைசியில் மொத்தமாக ஒரு மதிப்பெண். எங்கள் வண்டிக்கு 4. அந்தக் காகிதத்தைக் காட்டாத வியாபாரியிடம் வாங்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

அம்மாவுக்கு ஹைபிரிட் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. எங்கள் அப்பா காலத்தில் வீட்டில் இரட்டை மாட்டு வண்டி இருந்தது. அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். "அம்மா, இதிலே இரண்டு மாடு. பெரிய மாடு பெட்ரோல் எஞ்சின். சின்ன மாடு மின்சார மோட்டார். கிளம்பும்போதும் தெருவில் மெதுவாகப் போகும்போதும் சின்ன மாடு மட்டும் இழுக்கும். பெரிய ரோட்டில் பெரிய மாடு. மேடு வந்தால் இரண்டும். எப்போது எது இழுக்கணும்னு உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் வண்டிக்காரன் பார்த்துப்பான்."

"அது சரி, சின்ன மாட்டுக்கு யார் தீனி போடறது?"

கேட்டாளே ஒரு கேள்வி! விஷயமே அங்கேதான் இருக்கிறது. சைக்கிளில் டைனமோவை டயரோடு ஒட்டவிட்டால் விளக்கு எரியும். ஆனால் மிதிக்கக் கனமாக இருக்கும் அல்லவா? அந்தக் கனத்தையே இவர்கள் பிரேக்காக மாற்றிவிட்டார்கள். காலை எடுத்தாலும் பிரேக்கை மிதித்தாலும் மோட்டாரே டைனமோ ஆகிவிடுகிறது. மற்ற கார்களில் சூடாகிக் காற்றோடு போகிற சக்தி, இதில் மின்சாரமாகப் பாட்டரியில் போய்ச் சேர்கிறது. ஆக்லாந்துக்குத் தெற்கே 'பம்பாய் மலை' என்று ஓர் இடம். நம் பம்பாய்க்கும் அதற்கும் நேரே சம்பந்தம் இல்லை. அந்தப் பெயருள்ள கப்பலில் வந்து குடியேறியவர்கள் வைத்த பெயர். அந்த மலையின் உச்சியிலிருந்து இறங்கும்போது முன்னால் உள்ள பாட்டரிப் படத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக நிறைவதைப் பார்க்க வேண்டும். சரிவில் இறங்கும் வண்டியே மாட்டுக்குப் புல் போடுகிறது!

இது ஏதோ நேற்றைய யோசனை என்று நினைக்க வேண்டாம். 1900ஆம் வருஷத்திலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் எஞ்சினையும் மின்மோட்டாரையும் சேர்த்து ஒரு வண்டி செய்துவிட்டார். கடைக்கு வந்து ஜனங்கள் ஏராளமாக வாங்கும்படி ஆனது 1997 டிசம்பரில், ஜப்பானில் டொயோட்டாவின் பிரியஸ் வெளிவந்த பிறகு. அன்றிலிருந்து எல்லோருடைய மனத்திலும் ஒரு பயமும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. "அந்தப் பெரிய பாட்டரி போயிற்றென்றால்?"

எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் முதலில் எங்களை மிரட்டியது பாட்டரி அல்ல, ஒரு பெண். சாவி போட்டதும் வண்டிக்குள்ளிருந்து இனிய குரலில் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்வாள். என் கணவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். "என்ன சொல்லுது அந்தப் பொண்ணு? ஏதாவது ஆபத்தா?" என்றார். இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் ஜப்பானியப் பெண்மணியை வண்டியில் உட்கார வைத்துக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜப்பானில் சுங்கச் சாலைகளில் தானாகப் பணம் கழிக்க ஓர் அட்டை உண்டாம். "அட்டை செருகப்படவில்லை" என்பதுதான் அந்த அசரீரி. அன்றிலிருந்து இவர் தினமும் "ஆகட்டும் அம்மா, நாளைக்குச் செருகறேன்" என்று பதில் சொல்லுவார். வானொலி இன்னொரு கூத்து. அந்நாளைய ஜப்பான் வண்டிகளின் ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். இங்கே நிலையங்களோ 88இல் ஆரம்பித்து 108க்குக் கிட்டே வரை போகின்றன. வாலும் தலையும் ஒட்டுகிற இடத்தில் கிடைத்த ஓரிரு நிலையங்களைத்தான் கேட்டுக்கொண்டு போனோம். அலைவரிசையை இறக்கித் தரும் சின்னப் பெட்டி ஒன்று பிறகு வாங்கி மாட்டினோம்.

முதல் நிஜமான சோதனை 2019 குளிர்காலத்தில் வந்தது. இரவு வேலை முடிந்து ஏழரை மணிக்கு வெளியே வருகிறேன்; வண்டி பிணம் மாதிரி நிற்கிறது. விளக்கு இல்லை, சத்தம் இல்லை, கதவுகூடத் திறக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே வாக்காக, "பெரிய பாட்டரி போச்சு. நாலாயிரம் டாலர்" என்றார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

இல்லவே இல்லை. இந்த ஜாதி வண்டிக்குப் பாட்டரி இரண்டு. பெரியது வண்டியை இழுக்க. இன்னொன்று மற்ற கார்களில் உள்ளது போன்ற 12 வோல்ட் சின்னப் பாட்டரி. கம்ப்யூட்டர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்ப. யானை எவ்வளவு பலமாக இருந்தால் என்ன, அதை அவிழ்த்துவிடப் பாகன் எழுந்திருக்க வேண்டாமா? கையேட்டில் படித்திருந்தபடி சாவிக் கொத்துக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தேன். முன்புற மூடியைத் தூக்கி, ஃபியூஸ் பெட்டியில் உள்ள சிவப்பு முனையில் இன்னொருவர் வண்டியிலிருந்து கம்பி கொடுத்தோம். ஒரே நிமிஷம். அசரீரி "அட்டை செருகப்படவில்லை" என்றாள். அவள் குரலை அவ்வளவு ஆசையாக நான் கேட்டது அன்றுதான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்படி நாம் உதவி வாங்கலாம். நம் ஹைபிரிட்டிலிருந்து அடுத்தவர் வண்டியைக் கிளப்பக் கம்பி கொடுக்கக் கூடாது. அதன் மின்சாதனங்கள் அந்தப் பளுவைத் தாங்க வைத்தவை அல்ல. புதுச் சின்னப் பாட்டரி வாங்கும்போதும் கண்டதை வாங்கக் கூடாது. அது இருப்பது வண்டியின் பின்பக்கத்தில், நாம் மூச்சு விடுகிற அறையோடு சேர்ந்த இடம். ஆகவே வாயுவை வெளியே விடக் குழாய் வைத்த வகைதான் வேண்டும்.

பெரிய பாட்டரியின் ஆரோக்கியம் ஒரு சின்ன ஜன்னலில் இருக்கிறது. பின் ஸீட்டின் பக்கவாட்டில் சல்லடை மாதிரி ஒரு துவாரம் இருக்கும். அதன் வழியாகத்தான் ஒரு மின்விசிறி நாம் இருக்கும் அறையின் காற்றை இழுத்துப் பாட்டரியைக் குளிர வைக்கிறது. நமக்குப் புழுங்கினால் அதற்கும் புழுங்கும். இவரோ சாண்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் வாங்கும் பத்துக் கிலோ அரிசி மூட்டையைச் சரியாக அந்தச் சல்லடைமேல் சாய்த்து வைப்பார். "மாட்டு மூக்கை அடைக்காதீர்கள்" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வேன். வருஷம் ஒரு தடவை அந்த வழியைத் திறந்து தூசி எடுக்க வேண்டும். நாய் வளர்க்கிறவர்கள் வண்டியாக இருந்தால் உள்ளே ஒரு மெத்தையே தைக்கலாம் என்கிறார்கள்.

பால் கணக்கு எழுதுகிற மாதிரி நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர். கோடையில் 100 கிலோமீட்டருக்கு 4.9 லிட்டர், குளிரில் 5.3. "பெட்ரோலைவிட நோட்டுக்குச் செலவு ஜாஸ்தி" என்று இவர் கேலி செய்வார். 2022 மார்ச்சில் பெட்ரோல் லிட்டர் மூன்று டாலரைத் தாண்டி, அரசாங்கமே வரியில் 25 காசு குறைக்க வேண்டி வந்தபோது கேலி நின்றது.

அந்த வருஷம் ஏப்ரலில் நோட்டில் 5.8 என்று வந்தது. பம்பாய் மலையில் அடிவாரத்தில் நிறைய வேண்டிய கோடுகள் பாதி வழியிலேயே நிறைந்துவிட்டன. மேடு ஏறினால் இரண்டே நிமிஷத்தில் காலி. பின்னால் விசிறி ஓயாமல் இரைந்தது. கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைகிறது, கொஞ்சம் நடந்ததும் பசிக்கிறது என்றால் கிழவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அதை நான் தினமும் இல்லத்தில் பார்க்கிறவள். மே மாசம் ஒரு விடியற்காலை சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது.

ஒரு பெரிய பட்டறையில் காட்டினோம். புதுப் பாட்டரிக்குக் கூலியோடு நாலாயிரத்துச் சொச்சம் டாலர். வண்டியின் விலையே அவ்வளவுதான் பெறும். உடைக்கக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள்.

வீட்டில் அப்போது ஒரு பிஸ்கட் டின்னில் 2,400 டாலர் இருந்தது. அது டிக்கெட் பணம். 2020 மார்ச்சில் எல்லை மூடியதிலிருந்து நான் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. ஜூன் மாசம் போவதாகச் சொல்லியிருந்தேன். வண்டி இல்லாமல் வேலை இல்லை. வேலை இல்லாமல் டிக்கெட் இல்லை. வண்டிக்குக் கொடுத்தாலும் டிக்கெட் இல்லை. இரண்டு இரவு இவரும் நானும் அந்த டின்னை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள் மளிகைக் கடையில் ஒருவர் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பியைப் பற்றிச் சொன்னார். கொழும்பில் ஹைபிரிட் வண்டிகளிலேயே பத்து வருஷம் பழகியவர். இலங்கையில் இந்த ஜாதி வண்டிகள் ஏராளம். 2020 மார்ச்சில் அங்கே வண்டி இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளைச் சாகவிடாமல் வைத்திருந்ததில் அந்த ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு வந்த கைத்தேர்ச்சி வேறெங்கும் வராது.

அவர் முதலில் செய்தது கனத்த ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டதுதான். பிறகு ஆரஞ்சு நிறப் பிடி ஒன்றை இழுத்து மின்சாரத்தைத் துண்டித்தார். பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து டீ குடித்தார். "உள்ளுக்கை மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்க வேணும் அக்கா. ஆரஞ்சு வயரிலை மட்டும் ஆரும் விளையாடக் கூடாது" என்றார். இருநூறு வோல்ட் சமாசாரம்! கையேட்டைப் படித்த நான்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே புத்தகங்கள் அடுக்கியது போல 28 கட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு அறைகள், அறைக்கு 1.2 வோல்ட். ஆக மொத்தம் 201.6. இருபத்தெட்டில் ஒன்று படுத்தாலும் வண்டி முழுப் பாட்டரியும் போய்விட்டதாக விளக்கைப் போடும். அவர் ஒவ்வொரு கட்டையாகப் பளு கொடுத்து அளந்தார். இரண்டு மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைவு. அதாவது அவற்றில் ஒவ்வோர் அறை செத்திருந்தது. கட்டைகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைப் பூத்திருந்தது.

"பெட்டி முழுக்கச் சாகேல்லை அக்கா. ரெண்டுதான் போயிட்டுது. மாத்தி, தகடெல்லாம் மினுக்கி விடுறன். அறுநூற்றைம்பது டொலர். ஆனா ஒண்டு சொல்ல வேணும். மிச்சம் எல்லாம் ஒரே வயசுக்காரர். ஆறு மாசம் ஓடும். ஒரு வருஷமும் ஓடும். அதுக்கு மேலை நான் சொல்லமாட்டன்."

ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் எழுந்திருப்பார்கள் என்பது எனக்கும் புரிந்தது. பட்டறைக்காரர்கள் சொன்னதும் பொய் அல்ல. கணக்குப்படி முழுப் பெட்டி மாற்றுவதுதான் சரி. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது பத்து வருஷம் அல்ல, ஆறு மாசம். "மாற்றுங்கள் தம்பி" என்றேன்.

அறுநூற்றைம்பது போக, டின்னில் குறைந்ததை ஆறு ஞாயிற்றுக்கிழமை இரட்டை முறை வேலை செய்து ஈடுகட்டினேன். ஜூன் கடைசியில் மாயவரம் போய்ச் சேர்ந்தேன். பதினெட்டு நாள் இருந்தேன். அம்மா வாசலிலேயே, "சின்ன மாடு எப்படி இருக்கு?" என்றாள். "இரண்டு பல்லு விழுந்துடுத்து, கட்டியாச்சு" என்றேன். "உனக்காவது கட்ட முடிஞ்சுதே" என்று தன் வாயைத் திறந்து காட்டிச் சிரித்தாள்.

வண்டி பதினொரு மாசம் ஓடிற்று. 2023 மே மாசம் அதே முக்கோண விளக்கு மறுபடியும் எரிந்தது. அதற்கு முந்தைய தை மாசத்தில் அம்மா போய்விட்டாள். டிக்கெட்டுக்கென்று மறுபடி சேர்த்துக்கொண்டிருந்த பணம் டின்னில் அப்படியே இருந்தது. அதில்தான் புதுக் கட்டைகள் இருபத்தெட்டும் வாங்கினேன். யாழ்ப்பாணத்துத் தம்பியே மாட்டிக் கொடுத்தார். பழைய பெட்டியை நிக்கலுக்காக எடுத்துக்கொள்கிறவர்களிடம் சேர்ப்பித்தார்.

இப்போது நோட்டில் மறுபடியும் கோடையில் 4.9. வண்டி 1,90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எஞ்சின் எண்ணெயை நாள் தவறாமல் மாற்றுகிறேன். பிரேக் கட்டைகள் தேயவே இல்லை. மோட்டாரே பாதி வேலையைச் செய்துவிடுவதால் அவற்றுக்கு வேலை குறைவு, அதனால் துருப்பிடித்து இறுகிவிடும். வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து பசை போடச் சொல்கிறேன். வேலை இல்லாமல் கெட்டுப்போகிற உறுப்பு அந்த வண்டியில் அது ஒன்றுதான்.

போன மாசம் அரசாங்கத் தகுதிச் சோதனைக்குக் கொண்டு போனேன். டயரின் வரிப்பள்ளம் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது இங்கே சட்டம்; அளந்து பார்த்தார்கள். விளக்கு, பெல்ட், பிரேக் எல்லாம் பார்த்தார்கள். சோதனை செய்த பையன், பாட்டரி எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டான். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, இடது பக்க வைப்பர் ரப்பரை மட்டும் மாற்றச் சொன்னான். பதினெட்டு டாலர். நோட்டில் எழுதிக்கொண்டேன்.